விண்டோஸில் அறுந்துபோகும் இணைப்புகள்: கோப்புப் பாதையும் பக்க முகவரியும்

நீங்கள் கேட்டிருப்பது இது: பைத்தான் நூலகம் ஒன்றின் ஆவணங்களை ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணமாக்கும் கருவி கொண்டு உருவாக்குகிறீர்கள். அதற்கு முன்னால் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் படங்களை நகலெடுக்கிறது, எடுத்துக்காட்டு நிரல்களிலிருந்து பக்கங்களை உண்டாக்குகிறது, உள்ளடக்கப் பட்டியலையும் எழுதுகிறது. லினக்ஸில் பிழையே இல்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் விண்டோஸில் ஓட்டினால் பாதி இணைப்புகள் அறுந்துவிடுகின்றன, சில பக்கங்கள் பட்டியலிலேயே வருவதில்லை. "பின்சாய்கோடு (\) எல்லாவற்றையும் முன்சாய்கோடாக (/) மாற்றும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் போதுமா?"

போதாது. அந்த வரியை எங்கே சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில பிழைகள் மறையும், சில புதிதாக முளைக்கும். உங்கள் ஸ்கிரிப்டில் பாதை என்ற பெயரில் இரண்டு வேறு பொருள்கள் உலவுகின்றன. முதலாவது, வட்டில் இருக்கும் கோப்பைத் திறப்பதற்கான பாதை. அது இயங்குதளத்துக்குச் சொல்லப்படுவது, அதன் இலக்கணம் இயங்குதளத்துக்கு உரியது. இரண்டாவது, ஆவணத்துக்குள் எழுதப்படும் முகவரி: பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் போகும் இணைப்பு, படம் இருக்கும் இடம், உள்ளடக்கப் பட்டியலில் வரும் பக்கப் பெயர். அது ஸ்பிங்க்ஸுக்கும் படிப்பவரின் உலாவிக்கும் சொல்லப்படுவது. எந்தக் கணினியில் உருவாக்கினாலும் அது ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. லினக்ஸில் இரண்டும் ஒரே உருவத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தாலும் யாருக்கும் தெரிவதில்லை. உங்கள் ஸ்கிரிப்டில் இந்தக் குழப்பம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது, விண்டோஸில்தான் வெளியே வந்திருக்கிறது.

பின்சாய்கோடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வரும் சில விநோதங்களுக்கு விளக்கம் அதில் இருக்கிறது. 1981இல் வந்த, விண்டோஸுக்கு முன்னோடியான முதல் எம்எஸ்-டாஸில் அடைவுகளே (கோப்புறைகளே) கிடையாது. எல்லாக் கோப்புகளும் ஒரே மட்டத்தில் கிடந்தன. அங்கே முன்சாய்கோடு கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளைக் குறிக்கும் அடையாளமாக ஏற்கெனவே பயன்பட்டுக்கொண்டிருந்தது. 1983இல் இரண்டாம் பதிப்பு அடுக்கடுக்கான அடைவுகளைக் கொண்டுவந்தபோது, யூனிக்ஸ் போல முன்சாய்கோட்டை எடுத்துக்கொள்ள வழியில்லாமல் பின்சாய்கோட்டை எடுத்தார்கள். இன்றைக்கும் விண்டோஸின் உள் செயற்கூறுகளில் பெரும்பாலானவை முன்சாய்கோட்டையும் ஏற்றுக்கொள்கின்றன. மறுப்பது கட்டளைச் சாளரம்தான், அதற்கு முன்சாய்கோடு இன்னும் விருப்பத் தேர்வின் அடையாளம். ஆகவே பைத்தானுக்குள் கோப்பைத் திறக்கும் இடத்தில் முன்சாய்கோடு போட்டு எழுதினாலும் விண்டோஸில் கோப்பு திறக்கும். நீங்கள் நினைத்த அந்த மாற்று வரி கோப்புப் பாதைகளுக்குத் தேவையே இல்லை. லினக்ஸிலோ பின்சாய்கோடு கோப்புப் பெயருக்குள் வரத்தக்க சாதாரண எழுத்து. கண்ட இடத்திலெல்லாம் மாற்றினால் அப்படிப் பெயர் வைத்த கோப்பைத் தொலைத்துவிடுவீர்கள்.

இனி ஆவணப் பக்கம் வருவோம். ஸ்பிங்க்ஸின் மூல வடிவமான ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் பின்சாய்கோடு ஒரு விடுவிப்புக் குறி: அடுத்து வரும் எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்கிவிட்டுத் தானும் மறைந்துவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் விண்டோஸில் ஒரு பத்திக்குள் கையேடு\நிறுவல்\தொடக்கம் என்று எழுதினால், படிப்பவர் காண்பது கையேடுநிறுவல்தொடக்கம் என்ற ஒட்டிப்போன சொல். பிழைச்செய்தி வராது, உருவாக்கமும் வெற்றி என்றே முடியும். மார்க்டவுனில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நிறுத்தக்குறிகளுக்கு முன்னால் வரும் பின்சாய்கோடு மட்டும் மறையும், எழுத்துகளுக்கு முன்னால் வருவது நிற்கும். அதனால் கோளாறு சில கோப்புகளில் தெரியும், சிலவற்றில் தெரியாது. பைத்தான் சரங்களிலும் இதே தொல்லை உண்டு. பின்சாய்கோட்டைத் தொடர்ந்து ஆங்கிலச் சின்ன எழுத்து என் வந்தால் அது புதுவரி, டி வந்தால் தத்தல் (டேப்). விண்டோஸ் பயனர் அடைவின் பாதையை அப்படியே சரமாக ஒட்டினால், பின்சாய்கோடும் பெரிய எழுத்து யூவும் சேர்ந்து யூனிகோடு குறியெண்ணின் தொடக்கமாகப் படிக்கப்பட்டு, கோப்பே இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். இது ஒன்றாவது சத்தம் போட்டு நிற்கிறது என்று நன்றி சொல்ல வேண்டும்.

சத்தம் போடாத இன்னொன்று இருக்கிறது. இணைய முகவரியில் பின்சாய்கோடு வந்தால் உலாவிகள் அதை முன்சாய்கோடாகவே எடுத்துக்கொள்கின்றன, அவை பின்பற்றும் முகவரி விதியே அப்படி. ஆகவே விண்டோஸில் உருவான தவறான இணைப்பை நீங்கள் உலாவியில் சொடுக்கிப் பார்த்தால் பக்கம் ஒழுங்காகத் திறக்கும். "எனக்கு வேலை செய்கிறதே" என்பீர்கள். அதே முகவரி சதவீதக் குறியாக்கம் செய்யப்பட்டு வெளியே போனாலோ, முகவரியை வெறும் சரமாக ஒப்பிடும் தேடல் குறியீட்டுக்குள் போனாலோ, இணைப்புச் சரிபார்ப்புக் கருவி அதைப் படித்தாலோ அறுந்துவிடும். சொடுக்கிப் பார்ப்பதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரியான வழி, மாற்றத்தை எல்லையில் மட்டும் செய்வது. ஸ்கிரிப்டுக்குள் கோப்புப் பாதைகள் எல்லாம், பாதைகளைக் கையாளும் பாத்லிப் தொகுதியின் பொருள்களாகவே பயணிக்கட்டும். பைத்தான் 3.4இலிருந்து அது உடன் வருகிறது. சரமாக்காதீர்கள், கூட்டல் குறி போட்டு ஒட்டாதீர்கள். பாதை ஆவணத்துக்குள் எழுதப்படும் அந்த ஒரு கணத்தில், முதலில் ஆவணங்களின் வேர் அடைவுக்குச் சார்பாக்கி, பிறகு ஆஸ்_போசிக்ஸ் என்ற செயற்கூற்றால் முன்சாய்கோட்டு வடிவமாக்குங்கள். அங்கிருந்து அது முகவரி, மறுபடி கோப்பைத் திறக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. இதற்கென்று இரண்டே சிறு செயற்கூறுகளை எழுதி, "பாதையிலிருந்து முகவரி", "முகவரியிலிருந்து பாதை" என்று பெயர் வைத்து, ஸ்கிரிப்டின் மற்ற எந்தப் பகுதியும் சாய்கோட்டைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொண்டால் சந்தேகமே வராது. ஸ்பிங்க்ஸ் தன் உள்ளே செய்வதும் இதைத்தான். ஒவ்வொரு பக்கத்துக்கும் அது வைத்துக்கொள்ளும் பெயர், எந்த இயங்குதளத்திலும் முன்சாய்கோட்டோடும் பின்னொட்டு இல்லாமலும் இருக்கும். ஸ்பிங்க்ஸின் அமைப்புக் கோப்பான கான்ஃப்.பையில் விலக்க வேண்டிய கோப்புகளுக்கு எழுதும் வடிவங்களும் எல்லாத் தளங்களிலும் முன்சாய்கோட்டோடுதான் எழுதப்பட வேண்டும். அந்த இடத்தில் யாராவது இயங்குதளத்தின் பிரிப்பானைப் போட்டு இணைத்திருந்தால், விண்டோஸில் விலக்கு வேலை செய்யாமல், உருவாக்க அடைவே மூலமாகப் படிக்கப்படும் கூத்தெல்லாம் நடக்கும்.

ஒரு பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்துக்குச் சார்பு இணைப்பு கணக்கிடும்போது பலர் ஓஎஸ்.பாத் தொகுதியின் ரெல்பாத்தை அழைக்கிறார்கள். அந்தத் தொகுதி ஓடும் தளத்துக்கு ஏற்ப வேடம் மாற்றிக்கொள்வது: விண்டோஸில் அது என்டிபாத், மற்றவற்றில் போசிக்ஸ்பாத். முகவரிக் கணக்குக்கு அது வேண்டாம். போசிக்ஸ்பாத் என்ற தொகுதியை எந்தத் தளத்திலும் நேரடியாகவே இறக்கிக்கொள்ளலாம், முகவரிகளுக்கு எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். இந்த ஒரு மாற்றமே உங்கள் அறுந்த இணைப்புகளில் பலவற்றைச் சரிசெய்யும் என்று நினைக்கிறேன்.

முதலெழுத்தாக வரும் சாய்கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிங்க்ஸில் படத்தின் பாதை சாய்கோட்டில் தொடங்கினால், ஆவணங்களின் வேர் அடைவிலிருந்து என்று பொருள். உங்கள் ஸ்கிரிப்ட் அந்த வரியைப் படித்து, மூல அடைவோடு இணைத்துக் கோப்பைத் தேடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் இணைக்கும்போது இரண்டாவது பகுதி சாய்கோட்டில் தொடங்கினால் முதல் பகுதி தூக்கியெறியப்படும், ஓஎஸ்.பாத்திலும் அப்படித்தான், பாத்லிப்பிலும் அப்படித்தான். லினக்ஸில் அது கணினியின் வேரிலிருந்து தேடப் போகும். விண்டோஸிலோ டிரைவ் எழுத்து மட்டும் தங்கி, அந்த டிரைவின் வேருக்குப் போகும். ஆவணத்தில் அந்தச் சாய்கோட்டுக்கு ஒரு பொருள், இயங்குதளத்தில் வேறு பொருள். முகவரியிலிருந்து பாதைக்கு வரும் செயற்கூற்றில் முதல் வேலையாக அதைக் கழற்றிவிடுங்கள்.

பாதை எதற்குச் சார்பானது என்பதும் பெரிய பிழைமூலம். நீங்கள் திட்டத்தின் மேல் அடைவிலிருந்து ஓட்டுகிறீர்கள், மற்றவர் ஆவண அடைவுக்குள் போய் ஓட்டுகிறார், கட்டளைகளை வைத்திருக்கும் மேக்ஃபைல் வேறொரு இடத்திலிருந்து ஓட்டுகிறது. "இப்போது நிற்கும் அடைவு" என்பதை நம்பாதீர்கள். ஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும் இடத்தையே நங்கூரமாக வைத்து மற்றவற்றை அதிலிருந்து கணக்கிடுங்கள். கான்ஃப்.பை மட்டும் விதிவிலக்கு, ஸ்பிங்க்ஸ் அதை இயக்கும்போது அது இருக்கும் அடைவுக்கே இடம் மாறிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கோப்பின் வரிகளை வேறு ஸ்கிரிப்டுக்கு நகலெடுத்துக்கொண்டு போகிறவர்கள் அந்த வசதியும் கூடவே வரும் என்று எண்ணி ஏமாறுகிறார்கள்.

விண்டோஸில் டிரைவ்கள் பல என்பதையும் லினக்ஸ்காரர்கள் மறந்துவிடுகிறோம். சி டிரைவில் இருக்கும் கோப்புக்கு டி டிரைவிலிருந்து சார்புப் பாதை என்று ஒன்று கிடையாது. ரெல்பாத் அங்கே மதிப்புப் பிழை எழுப்பி நின்றுவிடும். தற்காலிக அடைவில் ஆவணங்களை உருவாக்கிவிட்டுப் பிறகு நகர்த்தும் ஸ்கிரிப்டுகள் இப்படித்தான் விழுகின்றன: மூலக் கோப்புகளின் களஞ்சியம் ஒரு டிரைவில், தற்காலிக அடைவு மற்றொன்றில். எங்கள் திட்டத்தில் இது தானியங்கிச் சோதனைக் கணினியில் மட்டும் விழுந்தது, எங்கள் யாருடைய கணினியிலும் வரவில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று. உருவாக்க அடைவைக் களஞ்சியத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டது தீர்வு.

அடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம். சாய்கோட்டைவிட அதிகமான பக்கங்களைக் கெடுப்பது இதுதான் என்பது என் அனுபவம், ஏனென்றால் இங்கே திசை தலைகீழ்: விண்டோஸிலும் ஆப்பிளின் மேக் கணினியிலும் எல்லாம் ஓடும், லினக்ஸ் வழங்கிக்குப் போனதும் உடையும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டும் இயல்பு நிலையில், கொடுத்த எழுத்து வடிவத்தைச் சேமித்துவைக்கும், தேடும்போது வேறுபாடு பார்க்காது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 இயல்பாகவே வேறுபாடு பார்க்கும். திரைப்பிடிப்புக் கருவி பின்னொட்டைப் பெரிய எழுத்தில் பிஎன்ஜி என்று வைத்திருக்கும், எழுதுபவர் சின்ன எழுத்தில் குறிப்பிட்டிருப்பார். அவருடைய கணினியில் படம் தெரியும், வெளியிட்ட தளத்தில் வெற்றுக் கட்டம்தான். இதைப் பிடிக்க, கோப்பு இருக்கிறதா என்று இயங்குதளத்தைக் கேட்டால் பயனில்லை, விண்டோஸ் "இருக்கிறது" என்றுதான் சொல்லும். அடைவின் உள்ளடக்கத்தைப் பட்டியலிட்டு, அதில் வரும் பெயரோடு ஆவணத்தில் எழுதிய பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். இருபது வரிகளுக்குள் எழுதிவிடக்கூடிய சோதனை. எழுதிவையுங்கள். பெயரைத் திருத்தும்போதும் கவனம் தேவை: எழுத்து வடிவம் மட்டும் மாறும் பெயர்மாற்றத்தைக் கோப்பு உலாவியில் செய்தால், இத்தகைய கணினிகளில், பதிப்புகளைக் காக்கும் கிட் கருவி அதைக் கவனிக்காமலே விட்டுவிடலாம். கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதுவும் தகராறு செய்தால், இடையில் வேறொரு பெயருக்கு மாற்றிவிட்டுத் திரும்ப வாருங்கள்.

இதன் கொடிய வடிவம், எழுத்து வடிவத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள். லினக்ஸ் கெர்னலின் மூலத்தில், நெட்ஃபில்டர் தலைப்புக் கோப்புகளிடையே அப்படிப்பட்ட இணைகள் இருக்கின்றன. அந்தக் களஞ்சியத்தை மேக்கிலோ விண்டோஸிலோ இறக்கியதும், ஒன்றையும் தொடாமலே சில கோப்புகள் மாறிவிட்டதாகக் கிட் காட்டுவது அதனால்தான். ஆவணங்களில் இது தானாகவே உண்டாகும். ஒரு வகுப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, அதே பெயரில் சின்ன எழுத்தில் ஒரு செயற்கூறும் இருக்கிறது. ஸ்பிங்க்ஸின் ஆட்டோசம்மரி நீட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் உண்டாக்கும். விண்டோஸில் இரண்டுக்கும் ஒரே கோப்புதான், ஆக ஒரு பக்கம் காணாமல் போகும். "சில பக்கங்கள் பட்டியலிலேயே வருவதில்லை" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனத்தில் தோன்றியது இதுதான். ஸ்பிங்க்ஸில் இதற்கென்றே ஆட்டோசம்மரி_ஃபைல்நேம்_மேப் என்ற அமைப்பு இருக்கிறது. மோதும் பெயர்களுக்கு வேறு கோப்புப் பெயரை அதில் குறித்துவிடலாம். முதலில் இதைப் பாருங்கள்.

தானாகப் பக்கம் உண்டாக்கும்போது விண்டோஸ் ஏற்காத பெயர்களும் வந்துவிடும். கான், பிஆர்என், ஏயூஎக்ஸ், என்யூஎல், காம்1 முதல் காம்9, எல்பிடி1 முதல் எல்பிடி9 ஆகியவை டாஸ் காலத்துச் சாதனங்களின் பெயர்கள். பின்னொட்டு சேர்த்தாலும் இவற்றைக் கோப்புப் பெயராக வைப்பது பாதுகாப்பில்லை. நூலகத்தில் ஏயூஎக்ஸ் என்ற துணைத்தொகுதி இருந்தால் அதன் பக்கத்தை விண்டோஸில் எழுதவோ, களஞ்சியத்திலிருந்து இறக்கவோ முடியாமல் போகலாம். முக்காற்புள்ளி இன்னும் தந்திரமானது. நேரத்தைப் பெயரில் சேர்த்து 10:30 என்று முடியும் கோப்பை உண்டாக்கினால், என்டிஎஃப்எஸ் அதைப் பிழையாகக் கருதாமல், முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் பெயரில் ஒரு கோப்பும் அதற்குள் மறைவான ஒரு துணை ஓடையும் உண்டாக்கிவிடக்கூடும். கோப்பு காலியாகத் தெரியும், உள்ளடக்கம் எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். கேள்விக்குறி, உடுக்குறி, இரட்டை மேற்கோள் குறி, கோண அடைப்பு, செங்குத்துக் கோடு ஆகியவையும் அங்கே கூடாது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ விடுவதும் வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது தமிழில் ஆவணம் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரியது. உங்கள் களஞ்சியத்தில் தமிழ்ப் பெயருள்ள கோப்புகளும் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். தமிழ் எழுத்தில் பெரியது சின்னது என்ற பிரிவு இல்லை, ஆகவே மேலே சொன்ன தொல்லை பின்னொட்டோடு நின்றுவிடுகிறது. ஆனால் நமக்கென்று தனியாக ஒன்று காத்திருக்கிறது. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். தொடக்கம் என்ற சொல்லின் முதல் எழுத்தில், தகரத்துக்குப் பிறகு ஒகரக் குறி ஒரே குறியெண்ணாக வரலாம், அல்லது எகரக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வரலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வடிவில் அந்தச் சொல் 8 குறியெண்கள், யுடிஎஃப்-8இல் 24 பைட்டுகள். இரண்டாவதில் 9 குறியெண்கள், 27 பைட்டுகள். லினக்ஸ் பெயர்களைப் பைட்டுகளாகத்தான் ஒப்பிடும், அதற்கு இவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். என்டிஎஃப்எஸ்ஸுக்கும் அப்படியே. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ், நீங்கள் எப்படிக் கொடுத்தாலும் பிரித்த வடிவத்தில்தான் சேமித்தது. 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி சேமிக்கும், ஆனால் தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே கருதும். ஆக, மேக்கில் எழுதுபவரின் உள்ளடக்கப் பட்டியலில் ஒரு வடிவமும் கோப்புப் பெயரில் மறு வடிவமும் இருந்தால் அவருக்கு எல்லாம் சரி. லினக்ஸில் "அப்படி ஒரு பக்கம் இல்லை" என்று எச்சரிக்கை வரும். அவர் பட்டியலைப் பார்ப்பார், கோப்பைப் பார்ப்பார், எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரியும். இந்தக் குழப்பத்தில் நல்ல நிரலாளர்கள் மனம் சோர்ந்து, தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

விட வேண்டியதில்லை. பைத்தானின் யூனிகோடு தரவுத் தொகுதியில் இயல்பாக்கும் செயற்கூறு இருக்கிறது, என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக் கோப்புப் பெயர், இணைப்பு இரண்டையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். களஞ்சியத்தில் சேர்க்கும் முன்பே, சேர்த்த வடிவத்தில் இல்லாத கோப்புப் பெயர்களை மறுக்கும் ஒரு சோதனையை வையுங்கள். கிட்டிலும் மேக்குக்காகவே சேர்த்த வடிவத்தை நிலைநிறுத்தும் அமைப்பு ஒன்று உண்டு.

இயல்பாக்கத்தால் தீராதவையும் உண்டு, அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். கௌ என்பதன் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் ளகரமும் போட்டு எழுதுவது மிகப் பரவலான பிழை. அது வேறு எழுத்து, எந்த இயல்பாக்கமும் அதை ஒன்றாக்காது. ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு குறியாக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 2005இல் யூனிகோடில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்ட பிறகு, அதை அடிப்படையாகக் கொண்ட வடிவமும், பழைய ஸகர வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். கோப்புப் பெயரில் இவ்விரண்டையும் தவிர்த்துவிடுங்கள். நீளத்தையும் பாருங்கள். இஎக்ஸ்டி4இல் ஒரு பெயருக்கு 255 பைட்டுகள்தான் எல்லை, தமிழ்க் குறியெண் ஒன்றுக்கு 3 பைட்டு என்பதால் 85 குறியெண்களோடு முடிந்துவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. என்டிஎஃப்எஸ்ஸில் அதே பெயர் 255 குறியெண்கள் வரை போகும், ஆகவே விண்டோஸில் வைத்த நீண்ட தலைப்பு லினக்ஸில் இறங்காது. நான் கடைப்பிடிப்பது: பக்கத்தின் தலைப்பு எவ்வளவு நீளமானாலும் தமிழில், கோப்பின் பெயர் ஒரு சொல் அல்லது இரு சொல்.

கட்டளைகளை ஓட்டும் ஷெல் பக்கம் வருவோம். ஸ்பிங்க்ஸ் புதிய திட்டத்தைத் தொடங்கும்போது மேக்ஃபைல், மேக்.பேட் என்று இரண்டையும் உண்டாக்கித் தருகிறது. இரண்டையும் மெலிதாகவே வைத்திருங்கள். நகலெடுப்பது, அழிப்பது, அடைவு உண்டாக்குவது எல்லாம் பைத்தான் ஸ்கிரிப்டுக்குள் போகட்டும். ஒரே வேலையை இரண்டு மொழிகளில் எழுதினால் ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு வேலை செய்யும். மேக்ஃபைலைப் படித்து ஓட்டும் மேக் கருவிக்கு (ஆப்பிளின் மேக் அல்ல) இடைவெளி என்பது பெயர்களைப் பிரிக்கும் குறி, இடைவெளியுள்ள பாதையை அது ஒழுங்காகக் கையாளாது. விண்டோஸில் பயனர் அடைவின் பெயரிலேயே இடைவெளி இருப்பது சாதாரணம். அதனால் மேக்ஃபைலுக்குள் முழுப்பாதைகளை நுழைய விடாதீர்கள். பைத்தானிலிருந்து வேறு கட்டளையை அழைக்கும்போது ஒரே சரமாகத் தராமல் பட்டியலாகத் தாருங்கள்.

விண்டோஸில் கிட்டோடு வரும் கிட் பேஷ் என்ற ஷெல்லைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அது சாய்கோட்டில் தொடங்கும் அளபுருவைக் கண்டால், யூனிக்ஸ் பாதை என்று கருதி விண்டோஸ் பாதையாக மாற்றி நிரலுக்குக் கொடுக்கும். உங்கள் தளத்தின் அடிமுகவரியாக /கையேடு/ என்று கொடுத்தீர்களானால், நிரலுக்குப் போய்ச்சேர்வது சி டிரைவில் கிட் நிறுவப்பட்ட அடைவிலிருந்து தொடங்கும் நீண்ட பாதை. அது அப்படியே எல்லாப் பக்கங்களின் இணைப்பிலும் ஏறிவிடும். முகவரியைப் பாதையாக நினைத்துக் குழப்பிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இம்முறை குழம்புவது ஷெல். அந்த மாற்றத்தை நிறுத்த எம்எஸ்ஒய்எஸ்_நோ_பாத்கான்வ் என்ற சூழல் மாறி இருக்கிறது. ஆனால் அடிமுகவரியைக் கட்டளை வரியில் கொடுக்காமல் அமைப்புக் கோப்பில் எழுதிவிடுவதே நல்லது.

மீதியை விரைவாகச் சொல்கிறேன். திட்டத்தின் அறிமுகக் கோப்பை ஆவண அடைவுக்குள் குறியிணைப்பாக (வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் இணைப்பாக) வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். விண்டோஸில் தக்க அனுமதி இல்லாதபோது கிட் அதை, இலக்கின் பாதையை மட்டும் உள்ளே கொண்ட ஒரு வெற்று உரைக்கோப்பாக இறக்கிவிடும், அந்த ஒற்றை வரியே பக்கமாக வெளிவரும். உள்ளிணைக்கும் கட்டளையால் அந்தக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு யூனிக்ஸ் வரிமுடிவும் பேட் கோப்புகளுக்கு விண்டோஸ் வரிமுடிவும் என்று எழுதிவையுங்கள். கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், விண்டோஸில் பைத்தானின் இயல்பு வேறாக இருக்கலாம், தமிழ் உரை உடனே சிதையும். விண்டோஸில் முழுப்பாதைக்கு 260 எழுத்துகள் என்ற பழைய எல்லை இன்னும் பல இடங்களில் நிற்கிறது. 2016இல் விண்டோஸ் 10இன் 1607 பதிப்பு அதைத் தளர்த்தியது, ஆனாலும் பயனரும் நிரலும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். ஆகவே அடைவுகளை ஆழமாக அடுக்காதீர்கள். அடைவைப் பட்டியலிடும்போது வரும் வரிசையை நம்பாதீர்கள். என்டிஎஃப்எஸ் அகரவரிசை போலவே தரும், இஎக்ஸ்டி4 அப்படித் தராது. வரிசைப்படுத்திவிட்டுப் பயன்படுத்தாவிட்டால் உள்ளடக்கப் பட்டியல் கணினிக்குக் கணினி மாறும். வரிசைப்படுத்துவதையும் முகவரியை வைத்துச் செய்யுங்கள். பாத்லிப்பின் விண்டோஸ் பாதைகள் ஒப்பிடும்போது எழுத்து வடிவத்தைப் பார்ப்பதில்லை, அங்கேயும் வரிசை மாறிவிடும்.

சோதிக்க விண்டோஸ் கணினி கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. பாத்லிப்பில் ப்யூர்விண்டோஸ்பாத் என்ற வகை இருக்கிறது. அது வட்டைத் தொடாது, எழுத்து விதிகளை மட்டும் அறியும், லினக்ஸிலும் ஓடும். மேலே சொன்ன இரண்டு எல்லைச் செயற்கூறுகளையும் அதைக்கொண்டு உங்கள் கணினியிலேயே சோதித்துவிடலாம். அதற்குமேல், தானியங்கிச் சோதனையில் லினக்ஸிலும் விண்டோஸிலும் ஆவணங்களை உருவாக்கி, இரண்டு இடத்திலும் உண்டான கோப்புகளின் சார்பு முகவரிகளை வரிசைப்படுத்தி ஒரு பட்டியலாக எழுதி, இரண்டு பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். ஸ்பிங்க்ஸை எச்சரிக்கைகளைப் பிழையாக எடுத்துக்கொள்ளும் நிலையில் ஓட்டுங்கள். இந்த ஒப்பீடு எங்களுக்குக் காட்டிக்கொடுத்த பிழைகளை வேறெந்தச் சோதனையும் காட்டவில்லை.

உங்கள் ஸ்கிரிப்டில் நான் தொடங்கும் வரிசை: முதலில் ஆட்டோசம்மரிப் பெயர் மோதல், பிறகு உள்ளடக்கப் பட்டியலை எழுதும் பகுதியில் ஆஸ்_போசிக்ஸ், அதன்பின் சார்பு இணைப்புகளைப் போசிக்ஸ்பாத்துக்கு மாற்றுவது, கடைசியாகத் தமிழ்ப் பெயர்களின் இயல்பாக்கம். மூன்றாவது மாற்றத்துக்குப் பிறகும் விண்டோஸில் இணைப்பு அறுந்தால், அறுந்த முகவரிகளில் இரண்டு மூன்றை உலாவியிலிருந்து எடுக்காமல், உருவான கோப்புக்குள் இருப்பது போலவே நகலெடுத்து இங்கே போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.